நண்பகற் சோர்வும் நாற்பது நாளும்

தலையான பாவங்கள் ஏழு என்பதும், அவற்றுள் இறுதியாக எண்ணப்படுவது சோம்பல் என்பதும் ஞானோபதேசம் பயின்ற கத்தோலிக்கச் சிறுவர் யாவரும் அறிந்தவை. ஆயின், இந்தச் சோம்பலின் வரலாற்றைப் பின்னோக்கி ஆராய்வோர், அதன் தொடக்கத்தில் ஒரு துயரத்தையே காண்பர். விபூதிப் புதனன்று மிகுந்த ஊக்கத்துடன் தொடங்கும் தபசுகாலம், மூன்றாம் நான்காம் வாரங்களில் பலருக்கு வறண்டுபோவது ஏன் என்பதற்கும் அவ்வரலாற்றில் விடை உண்டு.

கி.பி. 4ஆம் நூற்றாண்டில், எகிப்து நாட்டிலே நைல் நதியின் கழிமுகத்துக்கு மேற்கேயுள்ள பாலைவனத்தில் துறவியர் பலர் தனித்தனிக் குடில்களில் வாழ்ந்தனர். அவர்களுள் ஒருவர் எவாக்ரியஸ். கொன்ஸ்தாந்திநோப்பிள் மாநகரிலே சொல்வன்மையாற் புகழ்பெற்றிருந்த அவர், அப்புகழைத் துறந்து பாலைவனம் புகுந்து, 399ஆம் ஆண்டில் அங்கேயே உயிர்நீத்தார். துறவியரைத் தாக்கும் தீய எண்ணங்களை எட்டு என வகுத்த இவர், அவற்றுள் மிகக் கொடியது ‘அக்கேதியா’ என்றார். ‘அக்கறையின்மை’ என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். சங்கீத நூலிலிருந்து எடுத்து, ‘நண்பகற் பேய்’ என்றொரு பெயரும் அதற்கு வழங்கினர்.

அந்தப் பேய் காலை பத்து மணியளவில் வரும். பிற்பகல் இரண்டு மணிவரை விடாது. சூரியன் நகராது நிற்பதுபோலத் தோன்றும். ஒரு பகல் ஐம்பது மணி நேரமாக நீளும். துறவி அடிக்கடி சாளரத்தை நோக்குவார். உணவு வேளை நெருங்கிவிட்டதா என வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார். இருக்கும் இடம் கசக்கும். செய்யும் கைத்தொழில் வெறுக்கும். சகோதரரிடையே அன்பு அற்றுப்போயிற்று, ஆறுதல் சொல்வார் ஒருவருமில்லை என்ற எண்ணம் எழும். விட்டுவந்த வீடும் சுற்றமும் நினைவில் வந்து அழைக்கும். பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த விவரணத்தில் இன்றைய மனிதனும் தன் முகத்தைக் காணலாம்.

இதற்கு எவாக்ரியஸ் கூறிய மருந்து எளியது. குடிலை விட்டு நீங்காதிருத்தல். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அளவு குறித்து, அது முடியுமுன் எழாதிருத்தல். அழுகை வந்தால் அழுதல். உள்ளத்தை இரண்டாக்கி, ஒரு பாதி மறுபாதிக்கு ஆறுதல் கூறுமாறு செய்தல். இப்போராட்டம் முடிந்தபின் பெரும் அமைதியும் சொல்லொணா மகிழ்ச்சியும் பிறக்கும் என்றும் அவர் உறுதி கூறினார்.

இப்போதனையை மேற்கு நாடுகளுக்குக் கொணர்ந்தவர் யோவான் காசியான். ஏறத்தாழ 420ஆம் ஆண்டில் எழுதிய நூலில், பவுல் என்னும் துறவி ஒருவரின் செய்தியை அவர் தருகின்றார். பவுல் வாழ்ந்த இடம் ஊர்களிலிருந்து ஏழு நாட் பயணத்துக்கும் அப்பாற்பட்டது. அவர் செய்த பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுபோனால் சுமைகூலிக்கே விலை போதாது. எனினும் நாள்தோறும் தமக்கு விதித்த அளவு பேரீச்ச ஓலைகளைச் சேர்த்து வேலை செய்தார். ஆண்டு முடிவில் குகை நிறைந்ததும் அனைத்தையும் தீயிட்டுவிட்டு, மறுபடியும் தொடங்கினார். அவ்வுழைப்பிலே விளைந்தது பொருளன்று, நிலைத்த உள்ளம்.

6ஆம் நூற்றாண்டில், இத்தாலியிலே மொந்தே கசீனோ மடத்தை நிறுவிய புனித ஆசீர்வாதப்பர் இம்மருந்தைத் தபசுகாலத்தோடு இணைத்தார். பெனடிக்ற் என இன்று வழங்கப்படுபவர் இவரே. இவர் வகுத்த ஒழுங்கின்படி, தபசுகாலத் தொடக்கத்தில் துறவி ஒவ்வொருவரும் ஒரு நூலைப் பெறவேண்டும். அதை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படித்து முடிக்கவேண்டும். வாசிக்கும் நேரத்தில் முதியோர் ஓரிருவர் மடத்தைச் சுற்றிவந்து, அக்கேதியாவினாற் பீடிக்கப்பட்டு வீண்பேச்சில் இருப்போர் உளரோ எனக் கவனிப்பர். உணவிலோ உறக்கத்திலோ பேச்சிலோ ஒருவர் விரும்பிக் குறைப்பதை மடாதிபதியிடம் முன்னரே கூறி ஒப்புதல் பெறவேண்டும். தனியே தொடங்கும் தவம் தற்பெருமையில் முடியலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். தபசுகாலத்துக்கென அவர் எழுதிய சிறிய அதிகாரத்திலே மகிழ்ச்சி என்னும் சொல் இருமுறை வருவது சிந்திக்கத்தக்கது.

பின்னர், 590 முதல் 604 வரை பாப்பரசராயிருந்த பெரிய கிரகோரியார் தீமைகளின் பட்டியலைத் திருத்தியபோது, அக்கேதியா துக்கத்துள் அடங்கியது. காலப்போக்கில் அது வெறுஞ் சோம்பல் எனக் குறுகிற்று. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினார் பழைய பொருளை மீட்டார். இறைவன் தரும் நன்மையைக் கண்டு மகிழவேண்டிய உள்ளம் அதையே சுமையாகக் கருதி வருந்துவதுதான் இந்நோய் என்றார் அவர். ஆகவே ஓயாது உழைப்பவனையும் இது பற்றக்கூடும்.

தபசுகாலத்தின் நான்காம் ஞாயிறன்று குருவானவர் ஊதா நிறத்தை நீக்கி ரோசா நிற உடை அணியலாம். பீடத்தில் மலர்கள் வைக்கலாம். மனம் சோரும் நடுவழியிலேயே திருச்சபை மகிழ்ச்சிக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கின்றது. பாலைவனத்தார் கற்றுத் தந்ததும் இதுவே: வறண்ட நாளில் புதிய விரதங்களை அடுக்க வேண்டியதில்லை, குறித்த சிறு கடமையை இன்றும் செய்து, இருந்த இடத்தில் இருந்தால் போதும். நண்பகல் எவ்வளவு நீண்டதாயினும் சாயாமற் போவதில்லை.