மழைக்கு முன் வீடு: பள்ளிக்கரணை வட்டாரம் சொல்லும் பாடம்



குளிர்காலம் வருமுன் வீட்டை எப்படித் தயார் செய்வது என்பது பற்றி இன்று சற்றுப் பேசலாம். "நம்ம பக்கம் ஏது ஐயா குளிர்காலம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். காஷ்மீரத்தைப் போல இங்கே பனி குவிந்து கூரை முறிவதில்லை. மார்கழி, தை இரவுகளிலும் சென்னைப் பக்கம் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும்.

ஆனாலும் நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தபோது, ஐப்பசி, கார்த்திகை இரண்டுக்கும் கூதிர் காலம் என்று பெயர் வைத்தார்கள். கூதிர் என்றாலே குளிர்தான். நமக்குக் குளிர் தனியாக வருவதில்லை. வாடைக் காற்றையும் அடைமழையையும் கையோடு கூட்டிக்கொண்டு வரும். சென்னை வட்டாரத்தில் ஓர் ஆண்டில் பெய்யும் சுமார் 140 செ.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் பெய்கிறது. ஆகவே குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது என்றால், நம்மைப் பொறுத்தவரை மழைக்குத் தயார் செய்வதுதான்.

பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் நக்கீரர் இந்தக் காலத்தை அப்படியே படம் பிடித்து வைத்திருக்கிறார். குறுகிய வாய்ச் செம்பில் உள்ள குளிர்ந்த நீரைக் குடிப்பாரில்லை. அகன்ற வாயுள்ள கணப்புச் சட்டியில் நெருப்பிட்டுக் காய்கிறார்கள். விசிறிகள் வேலையில்லாமல் தொங்க, அவற்றில் சிலந்தி நூல் பின்னிக் கிடக்கிறது. இத்தனைக்கும் முன்னால் அவர் சொல்வது எதைத் தெரியுமா? வெள்ளம் வந்ததும் இடையர்கள் மாடுகளை வேறு நிலத்துக்கு ஓட்டிப் போவதை. கணப்புச் சட்டி பிறகு, மேடு முதலில். அந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூரையும் குதிரும்

இனி, தாம்பரத்துக்குக் கிழக்கே பள்ளிக்கரணைப் பக்கம் வருவோம். இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த இந்த இடம், ஒரு தலைமுறைக்கு முன்பு வரை வயலும் ஏரியும் சதுப்புமாக இருந்த கிராமப்புறம். செங்கற்பட்டுச் சீமையின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் ஆவணி, புரட்டாசி வந்தால் வீட்டு வேலை தொடங்கிவிடும்.

முதல் வேலை கூரை. பழைய கூரையைப் பிரித்து, இற்றுப்போன மூங்கில் வரிச்சை மாற்றி, தென்னங்கீற்றோ பனையோலையோ விழலோ போட்டு வேய்வாங்க. நாட்டு ஓடு போட்ட வீடானால் ஓட்டைப் பிரித்து, உடைந்ததைக் கழித்து, மறுபடி அடுக்குவாங்க. குரங்கும் பூனையும் நடந்து விலகிய ஒரே ஓடு போதும், கார்த்திகை மாதம் முழுவதும் வீட்டுக்குள் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடிக்க. அதனால் இந்த வேலையை யாரும் தள்ளிப்போடுவதில்லை.

அடுத்தது சுவரும் தரையும். மண்சுவரின் அடிப்பகுதி கரைந்தால் வீடே சாயும். அதற்காகத்தான் எறவாணத்தை நன்றாக இறக்கிவிட்டு, சொட்டும் நீர் சுவரைத் தொடாமல் தள்ளி விழும்படி செய்தார்கள். திண்ணையும் சுவருக்கு ஓர் அணைதான். முற்றத்துத் தூம்பில் அடைத்திருக்கும் குப்பையை எடுத்து, தெருவரை நீர் ஓடுகிறதா என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள்.

மூன்றாவது சேமிப்பு. விறகும் வறட்டியும் பரணுக்கு ஏறும். குதிரின் அடியில் கல்லோ கட்டையோ வைத்துத் தரை ஈரம் நெல்லில் ஏறாதபடி உயர்த்துவார்கள். வெயில் காலத்திலேயே போட்ட வடகமும் வற்றலும் ஊறுகாயும் காய்கறி கிடைக்காத அடைமழை நாளில் கைகொடுக்கும். மாட்டுக் கொட்டகைத் தரையை மண் போட்டு மேடாக்கி, சாய்வு கொடுத்து வைப்பார்கள். மாடு சேற்றிலே நின்றால் குளம்பு அழுகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீட்டுக்கு வெளியே நடந்த வேலை

இவ்வளவும் வீட்டுக்குள்ளே. ஆனால் பெரிய வேலை வெளியே நடந்தது. நிலக் கணக்கிலே நத்தம் என்று ஒரு சொல் உண்டு. ஊர் குடியிருக்கும் இடம் அது. நம் பகுதியில் அதைப் பெரும்பாலும் மேட்டில் அமைத்தார்கள். பள்ளம் வயலுக்கு, அதற்கும் தாழ்ந்தது ஏரிக்கு, எல்லாவற்றிலும் தாழ்ந்தது சதுப்புக்கு. அந்தச் சதுப்பை இந்த வட்டாரத்து மக்கள் கழுவேலி என்று அழைத்தார்கள்.

சேலையூர் ஏரி நிரம்பினால் ராஜகீழ்ப்பாக்கம், அங்கிருந்து செம்பாக்கம், பிறகு நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி கலங்கல் வழியாக நீர் இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணைக் கழுவேலியில் வந்து சேரும். இப்படிச் சுற்றுவட்டாரத்தில் சுமார் 30 ஏரிகளின் மிகுதி நீருக்கு இதுதான் வடிகால். கழுவேலி அந்த நீரை வாங்கி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு மெல்ல விடும். அது கோவளம் கழிமுகத்தில் கடலைச் சேரும்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அடைத்தாலும் ஊர் மூழ்கும். ஆகவே மழைக்கு முன்னே வரத்துக் கால்வாயைத் தூர் எடுப்பதும், கரையிலே மழை அரித்த பள்ளத்தை மூடுவதும், மதகைச் சரிபார்ப்பதும் ஊரார் கடமையாக இருந்தது. அதற்குத்தான் குடிமராமத்து என்று பெயர். 1858-ல் ஆங்கில அரசு சென்னை மாகாணத்தில் இதற்கென்றே கட்டாய வேலைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஊர் வழக்கம் தானாக நடந்துகொண்டிருந்தால் சட்டம் எதற்கு? அப்போதே வழக்கம் தளர்ந்துவிட்டது என்றுதான் பொருள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலம் எல்லோருக்கும் பொற்காலம் அல்ல. நத்தத்து மேட்டில் எல்லோருக்கும் இடம் கிடைத்ததில்லை. நிலமில்லாத உழைப்பாளிகளின் குடிசைகள் பல ஊர்களில் வயலோரத்துப் பள்ளத்திலேதான் இருந்தன. ஏரிக்கரையில் மண் சுமந்த தோள் பெரும்பாலும் அவர்களுடையது. வெள்ளம் முதலில் நுழைந்த வீடும் அவர்களுடையதே. முன்னோரின் அறிவை எடுத்துக்கொள்வோம். அந்த அநீதியை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீடு கழுவேலிக்குள் போனது

1976 நவம்பர் 25-ல் நுங்கம்பாக்கத்தில் ஒரே நாள் மழை 45 செ.மீ. என்று பதிவாயிற்று. அப்போது பள்ளிக்கரணையில் நீர் பரவ இடம் இருந்தது. 1960-களில் இந்தச் சதுப்பு 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பிறகு வேளச்சேரி–தாம்பரம் சாலையும், பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையும் அதன் மீது போயின. பெருங்குடிப் பக்கம் குப்பை மலையாயிற்று. கட்டடங்கள் வந்தன. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலகின் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், பள்ளிக்கரணை சேர்ந்தபோது கணக்கு 1,247 ஹெக்டேர். மிச்சம் எங்கே போயிற்று என்று யாரும் தேட வேண்டியதில்லை. அதன் மேல்தான் வீடுகள் நிற்கின்றன.

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடி வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் பல தெருக்களில் நீர் நாள் கணக்கில் வடியவில்லை. கூரை ஒழுகி வந்த வெள்ளம் அல்ல அது. காங்கிரீட் கூரை பத்திரமாகத்தான் இருந்தது. கீழே வாசல் வழியாக வந்தது தண்ணீர்.

இப்போது வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். சாலை மேல் சாலை போட்டு வீடு பள்ளமானதும் அதற்கு ஒரு காரணம். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டது இதனால்தான். வீட்டைத் தூக்கினால் அந்த வீடு பிழைக்கும்; தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். தெருவே தூக்கிக்கொண்டால்? அடுத்த தெருவுக்குப் போகும். இப்படி எத்தனை தூரம் தள்ளுவது?

நாம் செய்யக்கூடியது

ஆகவே வரும் புரட்டாசியில் இரண்டு வகை வேலையையும் செய்யுங்கள். வீட்டிலே மாடி வடிகால் குழாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். 2003-லிருந்து கட்டாயமான மழைநீர் சேகரிப்புத் தொட்டியில் மணலும் ஜல்லியும் மாற்றி எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசியுங்கள். பத்திரம், ரேஷன் அட்டை, விதை, மருந்து எல்லாவற்றையும் பரணில் ஏற்றுங்கள். கறவை மாடு வைத்திருப்பவர்கள் மேடான இடம் ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியிலே, உங்கள் தெரு நீர் எந்தக் கால்வாய்க்குப் போகிறது, அந்தக் கால்வாய் எந்த ஏரிக்குப் போகிறது என்று ஒரு நாள் நடந்து போய்ப் பாருங்கள். நான்கு பேர் சேர்ந்து போங்கள். அடைப்பைப் பார்த்தால் மழைக்கு முன்னே உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மழை வந்த பிறகு மனு நனையத்தான் செய்யும். மனை வாங்குகிறவர்கள் பட்டாவை மட்டும் பார்க்காதீர்கள். கிராம வரைபடத்தில் அந்த இடம் நத்தமா, வயலா, நீர்நிலையா என்று கேளுங்கள். மேலேயுள்ள சேலையூர், செம்பாக்கம்காரர்களும் கேளுங்கள்: உங்கள் வாசலில் ஓடும் நீர் கடைசியில் பள்ளிக்கரணைக்காரர் வாசலுக்குத்தான் வருகிறது.

நீர் போக வழி இருந்தால் கூதிர் காலம் விவசாயிக்கு வரம். ஏரி நிறையும், சம்பா விளையும், நவரைக்கும் தண்ணீர் மிஞ்சும். வழியை அடைத்தால் அதே மழை வீட்டுக்கு வினை. வாசலை மட்டுமல்ல, வாய்க்காலையும் பார்த்து வைப்போம்.