சேலையும் காக்கியும் சீருடையும்

ஆடை மானத்தை மறைப்பதற்கு மட்டும் உரியதன்று. அதனை அணிபவர் என்ன வேலை செய்கிறார், யாருக்கு அஞ்சி நடக்கிறார் என்பனவற்றையும் அது சொல்லிவிடும். நம் நாட்டுத் தமிழ்ப் பெண்களின் உடை மாறிய கதையில் ஒரு சமூக வரலாறே அடங்கியிருக்கிறது.

பால்மரத் தோட்டங்களில் நம் பாட்டிமார் விடியுமுன்னே வேலைக்குப் புறப்பட்டனர். பழஞ்சேலையைத் தூக்கிச் செருகி, அதன்மேல் ஆண்களின் நீளக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டனர். சட்டை கொசுக்கடியிலிருந்து காத்தது. துணியில் பட்ட பால்கறையோ எளிதில் போகாது. ஆகவே வேலைத்துணி வேறு, கோயில்துணி வேறு என்றாயிற்று. நல்ல சேலை தீபாவளிக்கும் திருவிழாவிற்கும் மட்டுமே பெட்டியைவிட்டு வெளியே வந்தது.

1943ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் ஜான்சி ராணிப் படையைத் தொடங்கினார். டாக்டர் லட்சுமி அதற்குத் தலைமை ஏற்றார். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தனர். சேலையை விடுத்துக் காக்கிச் சட்டையும் காற்சட்டையும் தொப்பியும் அணிந்தனர். பலர் கூந்தலையும் குறைத்துக்கொண்டனர். அதுவரை அவர்களுக்கு உடையைத் தீர்மானித்தவை குடும்பமும் வறுமையுமே. காக்கியோ அவர்களுள் பலர் தாமே தேர்ந்துகொண்ட உடை.

1945இல் போர் முடிந்தது, படை கலைந்தது, சேலை திரும்பியது. ஆயினும் மனம் பழைய இடத்திற்குத் திரும்பவில்லை. அப்படையில் இருந்த ராசம்மா பூபாலன் பின்னர் ஆசிரியராகி, 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தை அமைப்பதில் முன்னின்றார். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்றிருந்த நிலையை எதிர்த்து அச்சங்கம் போராடியது. 1969இல் அரசாங்கச் சேவையில் சம ஊதியக் கொள்கை ஏற்கப்பட்டது. இன்று சேலையுடுத்திப் பள்ளிக்குச் செல்லும் ஆசிரியைகள் இதனை மறத்தலாகாது.

1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தோன்றியது. மின்னணுத் தொழிற்சாலைகள் பெண்களை வேலைக்கு அழைத்தன. பின்னாளில் தோட்டங்கள் பல துண்டாடப்பட, குடும்பங்கள் பட்டணத்திற்குப் பெயர்ந்தன. தொழிற்சாலைச் சீருடை அணிந்து பேருந்தில் ஏறிய மகளின் கையில் மாதச் சம்பளம் இருந்தது. மோட்டார் சைக்கிளுக்கும் அவசரக் காலைப்பொழுதிற்கும் சேலை ஒத்துவரவில்லை. வடநாட்டுப் பஞ்சாபி உடை நம் வீடுகளில் புகுந்தது இந்த வசதியால்தான். பாவாடை தாவணி பொங்கல் விழா மேடைக்குரிய உடையாகச் சுருங்கியது.

இம்மாற்றம் கண்டு, “பண்பாடு அழிகிறது” என்று வருந்துவோர் உளர். அவர்களிடம் ஒரு கேள்வி. நம் ஆண்கள் வேட்டியை விடுத்துக் காற்சட்டைக்கு மாறியபோது பண்பாடு அழிந்ததா? அதனை முன்னேற்றம் என்றல்லவா சொன்னோம்! பண்பாட்டைச் சுமக்கும் பொறுப்பைப் பெண்ணின் தோளில் மட்டும் ஏற்றிவைப்பது நேர்மையாகுமா?

சேலை அழகானது, அது நம் உடைமை. அதனை மகள் விரும்பி உடுத்தும் நாளில் மகிழ்வோம். வேறு உடை அணியும் நாளில், பால்கறை படிந்த பாட்டியின் சட்டையை ஒருகணம் நினைத்துப் பார்ப்போம். அவர் அந்தச் சட்டையை அணிந்து உழைத்தது, பேத்திக்குத் தன் உடையைத் தானே தேர்ந்துகொள்ளும் வாழ்வு வாய்க்க வேண்டும் என்பதற்காகவும்தானே!