நின்ற வண்டியைக் கடந்து போகாதவர்கள்

திருக்குறுங்குடி எங்கள் கூடங்குளத்துக்கு வடமேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். நம்பி கோயிலுக்குப் பேர்பெற்றது. 1877-இல் அங்கே பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் வக்கீல் தொழில், ரயில்வே உத்தியோகம், வங்கி வேலை எல்லாம் பார்த்துவிட்டு மோட்டாருக்கு வந்தார். 1911-இல் மதுரையில் கம்பெனி தொடங்கி, அடுத்த வருஷமே பஸ் ஓட்டினார். தென்மாவட்டத்து மோட்டார் தொழிலைப் பற்றி யார் எழுதினாலும் அவரிடமிருந்துதான் தொடங்குவார்கள். நானும் அப்படியே தொடங்குகிறேன். ஆனால் நான் ஒர்க்‌ஷாப் வைத்துப் பிழைத்தவன். என் கண் போவது முதலாளியின் மேல் அல்ல, பஸ்ஸின் பின்பக்கம் தொற்றிக்கொண்டு வந்த கிளீனர் பையன் மேல். வழியில் நின்ற வண்டியை மறுபடி ஓடவைக்கும் வித்தை எங்கள் பக்கத்தில் அந்தப் பையன்களின் கையிலிருந்துதான் பரவியது. என் தாய்மாமா அப்படி ஒரு பையன்.

மாமா வேலைக்குப் போனது இரண்டாம் உலகப்போர் காலத்தில். 1942-இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனது; அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. பெட்ரோலுக்குப் பங்கீடு இருந்தது, பட்டாளத்துக்குப் போக மிச்சம்தான் ஊருக்கு. அப்போதுதான் கரி பஸ் வந்தது. சுந்தரம் ஐயங்காரின் கம்பெனியே ‘டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்’ என்று ஒன்றை வடிவமைத்துச் செய்தது. பஸ்ஸின் பின்னால் ஆளுயர இரும்பு உருளை ஒன்றை மாட்டுவார்கள். அதில் கரியைப் போட்டுத் தீ மூட்டி, காற்றைக் குறைத்து விட்டால் கரி முழுதாக எரியாமல் ஒரு வாயுவைக் கக்கும். அதைக் குழாயில் குளிரவைத்து, தென்னைநாரும் துணியும் வைத்து வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்புவார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கரி வேண்டும். எஞ்சினின் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

ராதாபுரம், நாங்குநேரி வட்டாரத்தில் உடைமரத்துக்குப் பஞ்சமில்லை. அந்தக் கரிதான் எங்கள் பக்கத்துப் பெட்ரோல். மாமா சொல்வார்: விடிவதற்கு முன் எழுந்து கரியை நெல்லிக்காய் அளவுக்கு உடைக்க வேண்டும். பொடி சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும், ஈரம் இருந்தால் வாயு வராது. எண்ணெய்த் துணியால் அடியில் தீ வைத்து, கைச்சக்கர ஊதியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் வாயில் தீக்குச்சியைக் காட்டினால் நீலச்சுடர் நிலையாக நிற்க வேண்டும். நின்றால்தான் டிரைவர் அண்ணாச்சி எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் ஹாண்டிலைக் கையில் எடுப்பார். வழியில் வலு குறைந்தால் பையன் இறங்கி, உலையின் அடிக்கதவைத் திறந்து, உருகி இறுகிய சாம்பல் கட்டியைக் கம்பியால் குத்தி இழுப்பான். மேட்டில் பஸ் மூச்சு வாங்கினால் ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். டிக்கெட் வாங்கியவன் தள்ள வேண்டுமா என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வாயுவில் எரியும் பகுதியில் பெரும்பங்கு கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை கிடையாது. உலைப் பக்கம் தொங்கிக்கொண்டு வரும் பையனுக்குத்தான் முதலில் தலை சுற்றும். மாமாவும் ஒருமுறை மயங்கி விழுந்திருக்கிறார்; டிரைவர் தூக்கி வேப்பமரத்தடியில் காற்றோட்டமாகக் கிடத்தியிருக்கிறார். போருக்கு வண்டியும் பெட்ரோலும் கொடுத்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது. ஊரின் போக்குவரத்து நிற்காமல் இருக்க நெஞ்சில் புகையை வாங்கிய இந்தப் பையன்களுக்கு ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

எண்ணெயோடு ரப்பரும் போனது. மலாயா ரப்பர் தோட்டங்களும் அதே 1942-இல் ஜப்பான் வசமாயின. புது டயர் கண்ணில் படாத காலத்தில், தேய்ந்த டயருக்கு மேல்தோல் ஒட்டும் ரீட்ரெடிங் வேலை பெருகியது. 1943-இல் மதுரையில் சுந்தரம் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கியதும் இந்த நெருக்கடியில்தான். ரோட்டிலோ மாட்டுவண்டிகள்தான் அதிகம். மாட்டின் லாடத்திலிருந்து கழன்ற ஆணி டியூபைப் பதம் பார்க்கும். பஸ் போகும் பாதையில் காந்தம் கட்டிய வண்டியை விட்டு ஆணி பொறுக்குவார்கள் என்று டி.வி.எஸ். பற்றிப் பழைய ஆட்கள் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் காந்தம் ஏது? கிளீனர் பையன் பனைநார்ப் பெட்டியில் லிவர், கைப்பம்பு, உப்புத்தாள், சொலூஷன், பழைய டியூபிலிருந்து வெட்டிய துண்டு எல்லாம் வைத்திருப்பான். வாளித் தண்ணீரில் டியூபை அமுக்கி, குமிழ் வரும் இடத்தில் எச்சில் தொட்டு அடையாளம் வைப்பான்.

இந்த மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூடங்குளத்துக்கு வடகிழக்கே திசையன்விளை, குட்டம் பக்கம் போனால் செக்கச்சிவந்த தேரிக்காடு. ஆடிக்காற்றில் அந்த மணல் ரோட்டின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். அதில் சக்கரம் இறங்கிவிட்டால், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஆழம்தான் கூடும். பனையேறிகளிடமிருந்து எங்கள் டிரைவர்கள் கற்ற வழி வேறு. சக்கரத்தின் முன்னால் மணலைக் கையால் பறித்துவிட்டு, காய்ந்த பனையோலையை நீளவாக்கில் பரப்ப வேண்டும்; கருக்கு இருக்கும் மட்டையைச் சீவிவிட வேண்டும், இல்லாவிட்டால் டயரைக் கிழிக்கும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் அது பரந்து உட்காரும். பிறகு இரண்டாவது கியரில், கிளட்சை மெல்ல விட்டு, பத்து ஆள் தோள் கொடுக்க வெளியே வந்துவிடும். தார் ரோடு ஏறியதும் மறக்காமல் காற்றடிக்க வேண்டும்.

கடற்காற்று இன்னொரு எதிரி. இடிந்தகரை, பெருமணல், கூத்தங்குளி என்று கடலோரமாகவே ஓடும் வண்டிக்கு உப்பு முதலில் தின்பது பேட்டரி முனையையும் எர்த் வயரையும்தான். நள்ளிரவில் ‘வண்டி செத்துப்போச்சு’ என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் செய்தது, முனையில் பூத்த வெள்ளையை வெந்நீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, இறுக்கி மாட்டியது மட்டும்தான்.

நின்ற வண்டியைக் கடந்து போகக்கூடாது என்ற வழக்கம் இந்த மண்ணிலும் காற்றிலும்தான் உருவானது என்று நினைக்கிறேன். இடிந்தகரை மீனவப் பெண்களின் கூடைகள் பஸ்ஸின் கூரையில் இருக்கும். வண்டி ஒரு மணி நேரம் நின்றால் மீன் கெடும். மீன் கெட்டால் அந்த வீட்டில் அன்று உலை ஏறாது. வள்ளியூரிலோ நாகர்கோவிலிலோதான் மெக்கானிக் இருப்பார். போன் கிடையாது. அடுத்த வண்டிக்காரன்தான் கதி. அவன் கட்டாயம் நிறுத்துவான்.

“என்ன அண்ணாச்சி, நின்னுட்டா?”

“பெல்ட்டு அத்துட்டு தம்பி. ஒங்ககிட்ட இருக்கா?”

இருந்தால் கொடுப்பான். காசு வாங்க மாட்டான். பதிலுக்கு அடுத்த முறை ஊருக்கு வரும்போது புதிது ஒன்று போய்ச் சேரும். சேராமல் போனால் அந்த டிரைவரின் பெயர் காவல்கிணறு முதல் உவரி வரை கெட்டுப்போகும்.

காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழிக்குப் போகும் வழியில் முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் முன் டிரைவர்கள் நிறுத்திக் கும்பிடுவார்கள். எங்களிடம் வேலை கற்ற பையன்கள் அந்த நேரத்தில் வண்டியை ஒரு சுற்று வந்து, டயரைத் தட்டி, ரேடியேட்டர் அடியில் ஈரம் சொட்டுகிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். 1956 நவம்பர் 1 வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு மேற்கே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். காற்று அங்கே வண்டியையே ஒதுக்கித் தள்ளும். இன்று அதே காற்றில்தான் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சுற்றுகின்றன. அம்மனைக் கும்பிட்டு எஞ்சினையும் ஆறவிட்டு அந்த இடத்தைக் கடப்பதில் பக்தியும் தொழிலறிவும் ஒன்றாகவே இருந்தன.

அடுத்து அம்பாசடர் காலம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் பிற்பகுதியில் கொண்டுவந்து 2014 வரை செய்த கார். கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் சாவுக்கும் எங்கள் ஊருக்கு அதுதான். அந்தக் காரின் பெருமை, பானட்டைத் திறந்தால் எல்லா உறுப்பும் கைக்கு எட்டும் என்பது. எனவே கைவைத்தியம் பெருகியது. அதில் எது நிற்கும், எது நிற்காது என்று சொல்ல வேண்டியது என் கடமை.

பெட்ரோல் டேங்கில் கசிவு என்றால் பார் சோப்பைப் பிசைந்து அப்புவது நல்ல வைத்தியம். சோப்பு பெட்ரோலில் கரையாது. ஊர் போய்ச் சேரும் வரை பிடிக்கும். ரேடியேட்டர் ஊசித்துளைக்கு மஞ்சள்தூள் போடுவது பாதி நல்லது. தூள் ஊறித் துளையை அடைக்கும், ஆனால் நல்ல குழாய்களையும் அடைக்கும். இரண்டொரு நாளில் கழுவிவிட வேண்டும். சித்திரை வெயிலில் பம்பு சூடாகி, பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி நின்றால், ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிப் பத்து நிமிடம் காத்திருப்பதைவிடச் சிறந்த வைத்தியம் இல்லை. தீப்பொறிக்கான பிளாட்டினம் பாயிண்ட் கருகினால், தேய்க்கத் தீப்பெட்டியின் உரசுபக்கம் போதும். இடைவெளிக்கு அதே பெட்டியின் அட்டை. பெல்ட் அறுந்து, மாற்று கிடைக்காமல், இடிந்தகரை நைலான் வலைக்கயிற்றை முறுக்கிக் கட்டி மெதுவாக ராதாபுரம் வரை ஓட்டி வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறப்பதுதான் எங்கள் பக்கத்தில் அதிகம் பேரைச் சுட்டது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே தண்ணீர் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணமே அது ஆவியாகி முகத்தில் பாயும். அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். ஆறாத எஞ்சினில் பச்சைத்தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் இரும்பு விரிசல் விடும். ஹாண்டில் சுற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும் என்பதை மாமா என்னை அடித்துத்தான் சொல்லித்தந்தார். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை விலகிக்கொள்ளும். விரல் மறுபக்கம் இருந்தால் மணிக்கட்டு முறியும்.

1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளம் அணுமின் நிலைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 2002-இல் கட்டுமானம் தொடங்கியதும் எங்கள் ரோட்டின் முகமே மாறியது. ஜல்லி லாரி, சிமெண்ட் லாரி, டிரெய்லர், வாடகைக் கார் என்று இரவு பகலாக ஓட்டம். ஒர்க்‌ஷாப்புகளும் பஞ்சர் கடைகளும் பெருகின. என் பிழைப்பும் அதில்தான் நிமிர்ந்தது. கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. நின்ற லாரிக்குப் பின்னால் பெரிய கல்லையும் உடைமுள்ளையும் போட்டு எச்சரிப்பார்கள். வண்டி சரியானதும் கல்லை அங்கேயே விட்டுப் போவார்கள். இரவில் அந்தக் கல்லில் ஏறி விழுந்தவர்களைத் தூக்கியவன் நான். ஒளிரும் முக்கோணம் ஒவ்வொரு காரின் டிக்கியிலும் உறை பிரிக்காமல் கிடக்கிறது. அதை எடுத்து வண்டிக்குப் பின்னால் தூரமாக, வளைவு இருந்தால் வளைவுக்கு முன்பே வையுங்கள். ஆட்களை இறக்கி ரோட்டை விட்டு விலக்கி நிறுத்துங்கள். ஜாக்கியைத் தூக்குமுன் எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள், நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்துங்கள். கிளம்பும்போது கல்லை எடுத்து ஓரம் போடுங்கள்.

இன்றைய காரில் பிளாட்டினம் இல்லை, கார்ப்பரேட்டர் இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதி வந்தபின் பானட்டுக்குள் சென்சார்தான். தீப்பெட்டியால் எதையும் சரிசெய்ய முடியாது. அதனால் வழியோர அறிவு தேவையில்லை என்றாகிவிடவில்லை. எதைத் தொடக்கூடாது என்பதே இப்போது பாதி அறிவு. 2023 டிசம்பர் 17, 18 மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. தாமிரபரணிக் கரையில் கார்கள் கூரை வரை மூழ்கின. வெள்ளம் வடிந்ததும் ஆசையில் சாவியைத் திருப்பியவர்களின் எஞ்சின்தான் நாசமானது. காற்று போகும் வழியாக உள்ளே ஏறிய தண்ணீர் அமுங்காது; பிஸ்டன் அதை இடித்துக் கனெக்டிங் ராடு வளையும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு இழுத்து வந்தவர்களின் வண்டிகள் பல பிழைத்தன. அதே வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸில் எண்ணூறு பேர் வரை இருந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியில் சோறாக்கிக் கொடுத்தார்கள். கரி பஸ்ஸைத் தள்ளிய ஜனங்களின் பேரப்பிள்ளைகள்தான் அவர்கள்.

விபத்து என்றால் மட்டும் நிறுத்தத் தயங்கும் பயம் நடுவில் புகுந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும், சாட்சி சொல்ல வேண்டும் என்ற பயம். அதற்கு இப்போது இடமில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களுக்கான வழிமுறைகளுக்குச் சட்டபலம் கொடுத்தது; 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவே சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு தூக்கிப்போனவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. 108 ஆம்புலன்ஸ் 2008-இலிருந்து ஓடுகிறது. 2021 டிசம்பரில் வந்த ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இதை எல்லாம் என் பட்டறைச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன்.

நான்குவழிச் சாலையில் 1033-க்குப் போன் போட்டால் வண்டி வரும். ராதாபுரத்திலிருந்து கூடங்குளத்துக்கும், கூடங்குளத்திலிருந்து உவரிக்கும் போகிற உள்ரோட்டில் அது வராது. அங்கே பின்னால் வருகிறவர்தான் வர வேண்டும்.