மன்னார்க் கோட்டையிலிருந்து முள்ளிக்குளம் வரை: நான்கு நாள் கரையோர நடை

மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியின் தீவுப் பக்க முனையில் மன்னார்க் கோட்டை இருக்கிறது. அங்கிருந்து தெற்கே, முசலிப் பிரதேசத்தின் கடைசி ஊர்களில் ஒன்றான முள்ளிக்குளம் வரையான கரையோரப் பாதை ஏறத்தாழ 55 கிலோமீற்றர். வாகனத்தில் போனால் அரை நாள்கூடப் பிடிக்காது. கடந்த பெப்ரவரியில் நானும் நண்பர் ஒருவரும் முதுகுப் பையுடன் நான்கு நாள்களில் இதை நடந்து முடித்தோம்.

இது யாரும் அடையாளமிட்டுத் தந்த நடைபாதை இல்லை. வழிகாட்டிப் பலகை கிடையாது. தார் வீதி, கிரவல் வீதி, வெண்மணல், வயல் வரம்பு என்று மாறி மாறிப் போகும். ஆனால் இலங்கைத் தமிழர் வரலாற்றில் இவ்வளவு குறுகிய தூரத்துக்குள் இத்தனை பழமையான இடங்களைத் தொடர்ச்சியாகப் பார்க்கக்கூடிய கரை வேறு எனக்குத் தெரியாது. அத்துடன், எது பழையது, அதை யார் சொல்வது என்ற கேள்வி இந்தக் கரையில் வெறும் வரலாற்றுக் கேள்வி இல்லை. காணி, காணாமல் போனவர்கள், திரும்பிப் போகும் உரிமை எல்லாம் அதற்குள் வருகின்றன. நடக்க விரும்புபவர்களுக்கு உதவும் என்பதால் நாள் வாரியாகத் தருகிறேன்.

முதல் நாள்: கோட்டையும் மாந்தையும் (ஏறத்தாழ 10 கி.மீ.)

மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560இல் கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். நான்கு கொத்தளங்களும் மதிலும் இன்னும் நிற்கின்றன. உள்ளே கூரையிழந்த தேவாலயத்தின் சுவர்கள் உள்ளன. காலை ஆறு மணிக்கே பார்த்துவிட்டுத் தாம்போதியில் இறங்கினால் வெயில் ஏறுமுன் பெருநிலத்துக்கு வந்துவிடலாம். இரு பக்கமும் உள்ள சேற்றுத் தரை வங்காலைப் பறவைகள் சரணாலயம். 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நவம்பர் முதல் மார்ச் வரை பூநாரைகளைக் காணலாம்.

தாம்போதி முடிந்து சில கிலோமீற்றரில் மாந்தை. பாளியில் மகாதித்த, தமிழில் மாதோட்டம் என்று சொல்லப்பட்ட துறைமுக நகரம் இதுதான். குதிரை லாடம் போன்ற வடிவில் ஒரு மேடு, அதைச் சுற்றி இரட்டை அகழி. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான்களும் மேற்காசிய மட்பாண்டங்களும் கிடைத்தன. 1983க்குப் பின்னர் நிலைமை மோசமாக, வேலை நின்றது. சண்டை ஓய்ந்த பின்னரே மறுபடி அகழ்ந்தார்கள். மேட்டில் இப்போதும் காலடியில் ஓட்டுத்துண்டுகள் தட்டுப்படும். எடுக்க வேண்டாம். சட்டப்படி அது குற்றம். தவிர, எந்த மண்படையில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் அந்த ஓட்டுக்கு மதிப்பில்லை.

மேட்டுக்கு அருகில் திருக்கேதீஸ்வரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து அந்தக் கற்களைக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள் என்பது மன்னாரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. போர்க்காலத்தில் இந்தச் சூழல் நெடுநாள் இராணுவத்தின் வசம் இருந்தது. கருங்கல்லால் திரும்பக் கட்டப்பட்ட கோயிலுக்கு 2022இல் குடமுழுக்கு நடந்தது. யாத்திரிகர் மடங்கள் உள்ளதால் முதல் இரவு தங்க இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

மாந்தைச் சந்தியிலிருந்து கோயிலுக்குப் போகும் அதே வீதியில், 2013 டிசெம்பரில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் தொடர்ந்து தோண்டியபோது 80க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. அது பழைய மயானம் என்று அரச தரப்பில் சொல்லப்பட்டது. அங்கு மயானம் இருந்ததே இல்லை என்று ஊரவர்கள் சொன்னார்கள். ஒரு பக்கம் ஆயிரம் வருட ஓட்டுக்குத் திருத்தமான காலக்கணிப்பு. நடந்து போகும் தூரத்தில், யாருடைய பிள்ளைகள் என்று தெரியாத எலும்புகளுக்கு இன்னும் பதில் இல்லை. அந்த வீதியால் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று போகலாம்.

இரண்டாம் நாள்: வங்காலை வழியாக அரிப்பு (ஏறத்தாழ 20 கி.மீ.)

நான்கு நாள்களில் இதுதான் கடினமானது. விடியமுன் ஐந்து மணிக்குப் புறப்படுங்கள். ஏறத்தாழ 8 கிலோமீற்றரில் வங்காலை. கத்தோலிக்க மீனவர் ஊர். புனித அன்னாள் ஆலயம் தூரத்திலிருந்தே தெரியும். இங்கு பங்குத்தந்தையாக இருந்த அருட்தந்தை மேரி பஸ்ரியன் 1985 ஜனவரி 6ஆம் திகதி கொல்லப்பட்டார். இராணுவமே சுட்டது என்பது ஊரவர்களின் சாட்சி. ஆலயத்துக்குப் போனால் அவரைப் பற்றிப் பேச யாராவது ஒருவர் இருப்பார். கேட்டால் போதும்.

வங்காலையில் பிட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். பிறகு நறுவிலிக்குளம், அச்சங்குளம் பக்கமாகப் பாதை போகும். நிழல் குறைவு. சில இடங்களில் கடற்கரையால் நடக்கலாம். வாடிகளில் கருவாடு காயும். கரைவலை இழுக்கும் நேரத்தில் போனால் கயிற்றில் ஒரு கை கொடுக்கச் சொல்வார்கள்.

அரிப்புக்கு முன்னால் அருவி ஆறு கடலில் சேர்கிறது. அநுராதபுரத்தைத் தொட்டு வரும் மல்வத்து ஓயாதான் இங்கே அருவி ஆறு. வீதிப் பாலத்தால் கடவுங்கள். ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் இறங்கக்கூடாது. முதலை உண்டு.

இந்த ஆற்றோரமாகத்தான் 1679 ஒக்ரோபரில் றொபேட் நொக்ஸ் தப்பி வந்தார். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, கண்டி அரசில் 19 வருடங்களுக்கு மேல் சிறையிருந்த ஆங்கிலேய மாலுமி அவர். அரிப்பில் அப்போது இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்த பிறகே அவருக்கு உயிர் வந்தது. அந்தச் சின்னக் கோட்டையின் சுவர்கள் இன்னும் இருக்கின்றன. இரவு ஊரில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் தங்கினோம். யாரையும் தெரியாதவர்கள் பங்குமனையில் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

மூன்றாம் நாள்: அல்லிராணிக் கோட்டையும் சிலாவத்துறையும் (ஏறத்தாழ 6 கி.மீ.)

தூரம் குறைவு, பார்க்க நிறைய உண்டு. அரிப்புக்குத் தெற்கே கடலோர மேட்டில், ஊரவர்கள் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும் இடிபாடு. நாட்டார் கதையில் அருச்சுனனை மணந்த அல்லி அரசாண்ட இடம் என்பார்கள். கட்டடத்தின் உண்மைப் பெயர் டொறிக். முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடறிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வையிடத் தங்குமனையாக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்தது. செங்கல்லும் சுண்ணாம்பும். ஒரு காலத்தில் இரண்டு மாடி. இப்போது சில சுவர்களும் தூண்களுமே மிச்சம். அடியில் மண்மேடு சரிந்து, செங்கற் பாளங்கள் மணலில் கிடக்கின்றன.

“ஒவ்வொரு சோளகத்துக்கும் கடல் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுது தம்பி. நான் சின்னப் பெடியனா இருக்கேக்க அந்தச் சுவருக்கு அங்கால நிண்டு தூண்டில் போட்டனாங்கள்,” என்றார் அங்கே வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா. அவர் கை காட்டிய இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது.

அந்த மாளிகை எழுந்ததற்குக் காரணம் கடலடிச் சிப்பிப் பார்கள். பருவம் வந்தால் இரு கரைகளிலிருந்தும் தமிழரும் முஸ்லிம்களும், தூரத்திலிருந்து அரபிகளும் குளிக்க வருவார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் ‘கடல்கட்டி’களும் கூட வருவார்கள். எடுத்த சிப்பிகள் ‘கொட்டு’ என்ற வேலிக்குள் எண்ணிப் பிரிக்கப்படும். 1906இல் தெற்கே மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பைக் கண்காணித்தவர்களில் ஒருவர், பிறகு எழுத்தாளராகப் பெயர் பெற்ற லெனார்ட் வூல்ப். அப்போது மூன்றில் இரண்டு பங்கு சிப்பி அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. அதே வருடம் பார்களை இலண்டன் கம்பனி ஒன்றுக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். முத்து வற்றியது, கம்பனியும் நொடித்தது. ஆளுநரின் மாளிகைக்காவது இடிபாடு மிச்சம். மூச்சடக்கிக் குளித்தவர்களின் ஓலைக் கொட்டில்களுக்கு ஒரு தடயமும் இல்லை.

மதியத்துக்குமுன் சிலாவத்துறை. கடைகள், பஸ், குடிதண்ணீர் எல்லாம் கிடைக்கும். முசலியில் முஸ்லிம் ஊர்கள் பல. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது இந்த ஊர்களும் வெறுமையாயின. பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளானார்கள். போர் முடிந்து திரும்பியபோது காணிகளில் மரம் எழும்பி நின்றது. 2017 மார்ச்சில் முசலியின் பெரும் பரப்பு மாவில்லு வனப் பாதுகாப்புப் பகுதி என்று வர்த்தமானியில் வந்தது. எங்கள் பழைய ஊர்க் காணிகளும் அதற்குள் போய்விட்டன என்று மக்கள் வீதிக்கு இறங்கினார்கள்.

தேநீர்க் கடை வைத்திருந்த ராத்தாவிடம் இதைப் பற்றிக் கேட்டோம். “எங்கட வளவுக்குள்ள நிண்ட மரத்துக்கு என்ட மூத்த மகனை விட வயசு குறைவு. அதைப் பாத்துத்தான் காடு எண்டாங்க,” என்று சொல்லி, தேநீருக்குக் காசு வாங்க மறுத்தார். தமிழ் வாசகர்களாகிய நாங்கள் நின்று கேட்க வேண்டிய இடம் இது. இடப்பெயர்வைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கரையில் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் யார், எவரால் என்பதை விட்டுவிட்டு மிச்சக் கதையை எங்களால் சொல்ல முடியாது.

நான்காம் நாள்: கொக்குப்படையான் வழியாக முள்ளிக்குளம் (ஏறத்தாழ 18 கி.மீ.)

கொண்டச்சி தாண்டி, கொக்குப்படையான் பக்கமாகத் தெற்கே போனால் ஊர்கள் ஐதாகின்றன. வெண்மணல், தாழம் பற்றை, கடல். இந்த வழியிலேயே மிக அழகான பகுதி இதுதான். வில்பத்துக் காடு அருகில் என்பதால் யானை நடமாட்டம் உண்டு. பகல் மூன்று மணிக்குள் நடையை முடித்துக்கொள்ள வேண்டும்.

முள்ளிக்குளம் மக்கள் 2007 செப்ரெம்பரில் வெளியேற்றப்பட்டார்கள். சில நாள்களில் திரும்பலாம் என்று நினைத்துப் போனவர்கள் அவர்கள். ஊர் கடற்படைத் தளமானது. வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அங்கு அமைக்கப்பட்டது. பல வருடம் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டு இருந்த மக்கள் 2017 மார்ச்சில் வீதியோரத்தில் போராட்டம் தொடங்கினார்கள். ஏப்ரல் இறுதியில் 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. வீடுகள் இருந்த ஊர் மனை அதில் அடங்கவில்லை.

“எங்கட கிணறு எங்க இருந்தது எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுவன். கூட்டிக்கொண்டு போய்க் காட்ட ஏலாது,” என்றார் மலங்காட்டில் எங்களுக்கு நிழல் தந்த அம்மா. அந்தக் கிணற்றுக்கு எத்தனை வயது என்று கேட்டேன். தன் பாட்டனார் வெட்டியது என்றார். அரிப்புக் கோட்டைக்கு ஆண்டு எண் உண்டு, புத்தகத்தில் பக்கம் உண்டு. அந்தக் கிணற்றின் வயது அந்த அம்மாவிடம் மட்டும் இருக்கிறது. அவரைப் போன்றவர்கள் இருக்கும்போதே இவற்றை எழுதி வைக்க வேண்டும். ஊடகம் படித்த, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய வேலை.

இதற்குத் தெற்கே குதிரைமலை. உரோம எழுத்தாளர் பிளினி குறிப்பிட்ட ஹிப்புரோஸ் துறை அதுவாக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உள்ளார்கள். அது வில்பத்துத் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் நடந்து போக முடியாது. பூங்கா வாயிலால் அனுமதிச் சீட்டு எடுத்து வாகனத்தில்தான் போகலாம். ஆகவே நடை முள்ளிக்குளத்துடன் முடிகிறது.

புறப்படுமுன்

காலம்: ஜனவரி நடுப்பகுதி முதல் மார்ச் வரை. ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை மழை. மே முதல் செப்ரெம்பர் வரை காற்றும் மணலும் முகத்தில் அடிக்கும்.

தண்ணீர்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர். கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர்.

பாதுகாப்பு: கண்ணிவெடி அகற்றும் பணி பல வருடம் நடந்த மாவட்டம் இது. ஆள் நடக்கும் பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள். தெரியாத உலோகப் பொருளைத் தொடாதீர்கள்.

முகாம்கள்: கடற்படை முகாம் அருகே படம் எடுக்க வேண்டாம். தேசிய அடையாள அட்டை கையில் இருக்கட்டும். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் நேராகச் சொல்லுங்கள். எங்களை இரண்டு இடத்தில் கேட்டார்கள்.

தங்குமிடம்: கடற்கரையில் கூடாரம் போடுவதை விட ஊருக்குள் தங்குவது நல்லது. சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் உரிய காசைக் கொடுங்கள். மீன்பிடி சரியில்லாத மாதங்களில் அந்த வருமானம் ஒரு வீட்டுக்குப் பெரிய உதவி.

திரும்புதல்: முள்ளிக்குளம் பக்கத்திலிருந்து பஸ் குறைவு. சிலாவத்துறைக்கு ஓட்டோ பிடித்தால் அங்கிருந்து மன்னாருக்குப் பஸ் உண்டு.