ஆடை துறந்த நீதிபதி

திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. கோவணமே உடையாகத் திரிந்த துறவி அவர். அதே கரையில் தலைமுறை தலைமுறையாக மீனவர்களும் கோவணம் கட்டியே கட்டுமரம் ஏறினார்கள். உடல் நிலையற்றது என்பதால் துறவி உடையைக் குறைத்தார். நனைந்த துணி வேலைக்கு இடைஞ்சல் என்பதால் மீனவர் குறைத்தார். தன் உடலை உள்ளபடி ஏற்றுக்கொள்வதற்காக ஆடையைக் களைவது என்ற மூன்றாவது எண்ணமும் உண்டு. மேல்நாட்டில் அதை 'நேச்சுரிசம்' என்கிறார்கள். அதற்கென அமைந்ததாக நாம் அறியும் முதல் சங்கம் இந்திய மண்ணில் தோன்றியது என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

மூவர் சங்கம்

சார்லஸ் எட்வர்டு கார்டன் கிராஃபோர்டு என்ற ஆங்கிலேயர் பம்பாய் மாகாணத்தில் மாவட்ட, செஷன்ஸ் நீதிபதியாக இருந்தார். மனைவியை இழந்தவர். 1891-இல் அவர் 'ஆடையற்றோர் தோழமை' என்ற பொருள்படும் பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார். உறுப்பினர்கள் மூவரே: அவரும், ஒரு பாதிரியாரின் இரு மகன்களும். மாத்தேரான் மலையில் கூடினார்கள்.

காரணங்களை அவர் மூன்றாக வகுத்தார். முதலாவது, உடல் நலம். நம் நாட்டு வெயிலில் கழுத்துப்பட்டையும் கோட்டும் அணிவது எத்தகைய துன்பம்! இரண்டாவது, ஒழுக்கம். பொய்யான வெட்கமும், மறைத்ததைக் காணத் துடிக்கும் ஆசையும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை என்று அவர் கருதினார். மூன்றாவது, அழகு. மனித உடல் காணத்தக்க படைப்பு என்பது அவர் எண்ணம்.

இவற்றையெல்லாம் அவர் கடிதமாக எழுதியது எட்வர்டு கார்ப்பென்டர் என்ற ஆங்கில எழுத்தாளருக்கு. கார்ப்பென்டருக்குத் தமிழருடன் நெருங்கிய தொடர்பு உண்டு. இலங்கைத் தமிழரான பொன்னம்பலம் அருணாசலம் அவருடைய கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர். அவரைக் காணவே கார்ப்பென்டர் 1890-இல் இலங்கை வந்தார். பின்பு இந்தியாவையும் சுற்றிப் பார்த்து, 1892-இல் பயண நூல் வெளியிட்டார்.

கிராஃபோர்டு இரத்தினகிரிக்கு மாற்றப்பட்டதும் சங்கம் கலைந்தது. 1894-இல் அவர் காலமானார். ஆனால் எண்ணம் மறையவில்லை. 1903-இல் வட ஜெர்மனியில் இதற்கெனவே ஒரு திறந்தவெளிப் பூங்கா அமைந்தது. பின்னர் இவ்வியக்கம் ஐரோப்பா எங்கும் பரவியது.

ஆராய்ச்சி சொல்வது

கிராஃபோர்டு வெறும் நம்பிக்கையாகச் சொன்னதை நம் காலத்தில் சோதித்துப் பார்த்தவர், இலண்டன் கோல்டுஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கியோன் வெஸ்ட். 849 பிரிட்டானியரிடம் அவர் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. இப்பழக்கத்தில் மிகுதியாக ஈடுபட்டவர்களுக்குத் தம் உடலைப் பற்றிய மனநிறைவும் வாழ்க்கையில் நிறைவும் கூடுதலாக இருந்தன.

ஆனால் ஏற்கெனவே மனநிறைவு உள்ளவர்கள்தாம் இதில் சேர்கிறார்களோ? இந்த ஐயத்தைத் தீர்க்க, 51 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவை ஆடையுடனும் மற்றொன்றை ஆடையின்றியும் பழகவிட்டார். ஆடையின்றிப் பழகியவர்களுக்கே உடல்மீது மதிப்பு மிகுதியாகக் கூடியது. 'என் உடலைப் பார்த்துப் பிறர் என்ன நினைப்பார்களோ' என்ற அச்சம் குறைந்ததே அதற்குக் காரணம். தொப்பை, தழும்பு, சுருக்கம் எல்லாரிடமும் இருப்பதைக் கண்ட பிறகு, அச்சத்துக்கு இடம் ஏது?

இந்த முடிவுக்கு எல்லைகளும் உண்டு. அவர்கள் வயது வந்தவர்கள், தாமே விரும்பி வந்தவர்கள், எண்ணிக்கையிலும் சிலரே. கட்டாயமோ கேலியோ புகுந்தால் விளைவு நேர்மாறாகலாம். நம் நாட்டில் சட்டமும் வழக்கமும் பொது இடத்தில் இதற்கு இடந்தரவில்லை.

எனினும் நமக்கு இதில் பாடம் உண்டு. சுவரொட்டியிலும் திரையிலும் நாம் காண்பவை பொறுக்கியெடுத்துத் திருத்திய உடல்கள். அவற்றோடு ஒப்பிட்டே, கறுப்பு என்றும் குண்டு என்றும் ஒல்லி என்றும் ஒருவரையொருவர் எடைபோடுகிறோம். அந்தப் பேச்சை நிறுத்துவதற்கு யாரும் ஆடை களைய வேண்டியதில்லை.