பதிவேடும் வினாவும்: பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் செவிலியர் ஆராய்ச்சி

அன்றைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் கிராமங்களில் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 1990இல் அமெரிக்க மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லா முதலானோர் 15,419 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் வைட்டமின் ஏ சத்தை வாரந்தோறும் சிறிதளவு ஊட்டச் செய்ததில், அப்பிரிவின் மரணம் மற்றதில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில், கானா நாட்டின் வடகோடியிலுள்ள நவ்ரோங்கோ வட்டாரத்தில் அதே சத்து நான்கு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவில் கொடுக்கப்பட்டு, குழந்தை மரணம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டுக்கும் பிந்திய வரலாறுதான் வேறு. நவ்ரோங்கோவில் அந்த முயற்சி நிரந்தர ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. 1994 முதல் செவிலியரைக் கிராமத்திலேயே குடியமர்த்தி, அவர்கள் அங்கே வசிப்பதால் விளைவது என்ன என்பதையே அந்நிலையம் ஆராயலாயிற்று. நம் பக்கத்திலோ, துணை சுகாதார நிலையமும் கிராம சுகாதாரச் செவிலியும் முன்னரே இருந்தும், செவிலி பிறருடைய ஆராய்ச்சிக்குத் தகவல் திரட்டித் தருபவராகவே நின்றுவிட்டார். அந்த ஜில்லாவிலிருந்து பிரிந்த பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் பணமோ படிப்போ போதாமையைக் காட்டிலும் இதுவே பெரிய இடையூறு என்பது என் அபிப்பிராயம்.

முதலில் எண்களைப் பார்ப்போம். திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் பிரிந்த பெரம்பலூரிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்தது. மறு ஆண்டே மீண்டும் சேர்ந்தது. 2007இல் மறுபடியும் தனி ஜில்லாவாயிற்று. ஆகவே பழைய புள்ளிவிவரங்களை வரிசையாக வைத்து ஒப்பிட முற்படுபவர், எந்த நிலப்பரப்பின் தொகையை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை முன்னதாகத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தீர்த்துக்கொண்ட பின்னும் ஜனத்தொகையின் சிறுமை குறுக்கே நிற்கும். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் 5,65,223 பேர். ஆயிரத்துக்குச் சுமார் 14 என்னும் மாநிலப் பிறப்பு விகிதத்தைப் பொருத்தினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 பிரசவங்கள்; லட்சத்துக்கு 54 என்னும் 2018-20ஆம் ஆண்டுகளின் மாநிலத் தாய்மரண விகிதத்தின்படி எதிர்பார்க்கத்தக்க மரணங்கள் நான்கு. ஒரு வருஷம் மூன்று நேர்ந்தால் சுகாதாரம் முன்னேறிற்று என்றும், அடுத்த வருஷம் ஐந்து நேர்ந்தால் சீர்குலைந்தது என்றும் அறிக்கை எழுதுவது கணிதத்துக்கே அடாத காரியம். வலி எப்போது கண்டது, வண்டி எந்நேரம் வந்தது, முதலில் போன ஆஸ்பத்திரியிலிருந்து ஏன் அனுப்பிவிட்டார்கள் என்று ஒவ்வொரு மரணத்தையும் விசாரித்தறியும் ஆராய்ச்சிதான் இங்கே பயன் தரும். அவ்விசாரணைக்கு அந்த வீட்டின் திண்ணையில் உட்காரும் உரிமை பெற்றவர் செவிலி.

அவருடைய பதிவேட்டைப் பிரித்தால் வேறொரு சிக்கலும் தெரியும். அரியலூர் ஜில்லாவின் செந்துறையில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குப் பெரம்பலூர் ஜில்லாவின் வேப்பந்தட்டைப் பக்கம் தாய்வீடு என்று வைத்துக்கொள்வோம். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அவள் புறப்பட்டதும், முதல் ஆறு மாதத்து இரத்த அழுத்தம் ஒரு ஜில்லாவின் ஏட்டிலும், பிரசவம் மறு ஜில்லாவின் ஏட்டிலும் அமைந்துவிடுகின்றன. கணினியில் அவளுடைய பதிவு எண் கூடவே போகும். ‘மாமியாருக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட்டாள்’ என்று செவிலி ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு போகாது. புள்ளியியலார் இத்தகையோரைத் தொடர்பு விட்டுப்போனவர்கள் என்று கணக்கிலிருந்து நீக்கிவிடுவர். நீக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் தலைப்பிள்ளைத்தாய்ச்சிகளே ஆதலால், எஞ்சிய கணக்கு யாரைக் குறிக்கிறது என்ற சந்தேகம் எழாமலிராது.

சம்மதம் பற்றிய விஷயம் இதனினும் நுட்பமானது. நவ்ரோங்கோவில் ஆராய்ச்சியாளர்கள் ஊர்த் தலைவர்களை அணுகி, ஜனங்களைப் பொதுவில் கூட்டிப் பேசிய பின்னரே வீடுகளுக்குள் சென்றார்கள். அம்முறையை அப்படியே இங்கே கொணர்தல் ஆகாது. ஊரும் காலனியும் தனித்தனியே நிற்கும் கிராமத்தில், ஊர்ப்பொதுவில் கிடைத்த சம்மதம் காலனிக்கும் சேர்த்துக் கிடைத்த சம்மதம் என்று யார் சொல்ல முடியும்? தனியாளின் கையொப்பத்திலும் சுதந்திரம் எவ்வளவு என்பது ஆராயத்தக்கது. படிவத்தை நீட்டுபவர் நர்சம்மா. தடுப்பூசி போடுபவரும் அவரே. 18,000 ரூபாய் மதிப்புள்ள முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்குப் பதிந்து கொடுப்பவரும் அவரே. அவர் முகம் பார்த்து மாட்டேன் என்று சொல்லத் துணியும் கர்ப்பிணி எத்தனை பேர்? சம்மதம் கேட்பவர் பணி செய்பவரினின்று வேறானவராக இருத்தல் அவசியம் என்பேன். நெறிமுறைக் குழுக்கள் படிவத்தின் வாசகத்தைத் திருத்துவதோடு அமையாமல், அதை நீட்டும் கை யாருடையது என்றும் கேட்க வேண்டும்.

அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் சிமெண்ட் ஆலைகளையும் பற்றி ஒன்று மட்டும் சொல்லலாம். கல்தூசியை மூச்சில் இழுப்பதால் வரும் சிலிக்கோசிஸ் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய். அந்நோயாளியின் இருமலோ காசநோய் இருமலை ஒத்தது. தாயையும் சேயையும் பார்க்கவென்றே வீடு புகும் செவிலியின் காதில் அவ்விருமல் விழுகிறது. ஆனால் அவருடைய கடமைப் பட்டியலில் அது முதலிடம் பெறுவதில்லை.

செவிலியர் கல்லூரிகளின் முதுநிலை ஆய்வேடுகளோ பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை: ஒரு வினாத்தாள், ஒரு போதனை, மறுபடியும் அதே வினாத்தாள், அறிவு கூடிற்று என்ற முடிவு. சொல்லிக்கொடுத்த மறுவாரமே கேட்டால் கூடாமல் என்ன செய்யும்? மாறாக, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்தில் முந்திரி பொறுக்கும் பங்குனி, சித்திரை மாதங்களில் கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறவிடுகிறார்களா, விட்டால் காரணம் வேலை நேரமா, வெயிலா, வெறும் வயிற்றில் விழுங்கினால் வரும் குமட்டலா என்பது, தம் பொறுப்பிலுள்ள சில கிராமங்களையும் ஹீமோகுளோபின் மானியையும் கொண்டு இரண்டு பருவங்களில் ஒரு கிராமச் செவிலி தாமே கேட்டு, தாமே விடை கண்டு, தம் பெயரிலேயே எழுதத்தக்க ஆய்வு.