முடிச்சும் உழைப்பும்

வன்னியின் வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன குளங்களும் கோட்டைகளும் வன்னியர் பெயர்களுமே. 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியனை நம் மாணவர் அறிவர். ஆயின், காட்டை வெட்டித் தோட்டமாக்கிய கைகள் கயிற்றை எவ்வாறு முடிந்தன என்பதை எழுதிவைத்தவர் எவர்? இன்கா மக்கள் முடிச்சுகளிலே கணக்கு வைத்தனர் என்று உலக வரலாறு போற்றுகிறது. நமது வேலிமுடிச்சுக்கோ வரலாற்றில் ஒரு வரி கிடைப்பதும் அரிது.

1902 இல் இரணைமடுக் குளத்தின் வேலை தொடங்கிற்று. 1930களில் கிளிநொச்சிக் குடியேற்றம் உருவாயிற்று. அங்கு வந்த உழவனுக்கு முதலில் வேண்டியிருந்தது வேலி. கதியாலை நட்டு, வரிச்சுத் தடியைக் குறுக்கே வைத்து, பனைநாராலோ ஆத்திநாராலோ தும்புக் கயிற்றாலோ கட்டினான். நாரை நனைத்துக் கட்டினால் உலரும்போது கட்டு இறுகும். இதை எந்தக் கல்லூரியும் அவனுக்குக் கற்பிக்கவில்லை.

முடிச்சைத் தாங்குவது கயிற்றின் வலிமை மட்டுமன்று. கயிறு தன்மீதே உராய்கின்ற உராய்வுமாகும். தடியை இருமுறை சுற்றித் தன்னையே குறுக்காக அழுத்தும் கயிறு, இழுக்க இழுக்க இறுகுகிறது. ஆனால் தக்காளித் தண்டை அப்படி இறுக்கினால் செடி நெரியும். ஆகவே தடியில் இறுக்கமும் தண்டில் தளர்வுமாகக் கட்டுவர். தண்டு பருக்க இடம் இருக்க வேண்டுமல்லவா? பந்தலில் தொங்கும் புடலங்காய் வளையாதிருக்க அதன் நுனியில் சிறு கல்லைக் கட்டுவதும் இத்தகைய அறிவே.

அறுவடைக்குப் பின் முடிச்சுக்கு வேறொரு வேலை. வெங்காயத்தைத் தாளோடு பிடியாகக் கட்டிக் காற்றோட்டமான கூரையின் கீழ்த் தொங்கவிடுவர். குவித்து வைத்தால் ஈரம் தங்கி அழுகும்; தொங்கவிட்டால் காற்று ஈரத்தைக் கொண்டு போகும். பூசணிக்காய் உறியிலே தொங்கும். மிளகாய் காய்ந்தபின் சாக்கில் ஏறும். சாக்கின் வாயை ஒரு முனையை இழுத்தால் அவிழும் சுருக்கினால் கட்டுவர்.

இந்த அறிவின் பொருளாதாரப் பொருள் யாது? காயைக் காக்க முடிந்தவன் விலைக்காகக் காத்திருக்க முடியும். காக்க முடியாதவன், வாசலில் வண்டியோடு நிற்கும் வியாபாரி சொல்லும் விலைக்குத் தலையசைப்பான்.

ஆயினும் முடிச்சின் வலிமைக்கும் எல்லை உண்டு. முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபர் திட்டங்களின்கீழ்க் குடியேறிய இளைஞர் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டனர். 1970 இன் பின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அவர்தம் விளைச்சலுக்கு நல்ல விலை கிட்டிற்று. 1977 இல் புதிய அரசு சந்தையைத் திறந்துவிட்டது. கப்பலில் வந்த பொருள் விலையை வீழ்த்திற்று. கூரையில் தொங்கிய பிடி அழுகவில்லை, விலைதான் அழுகியது. முடிச்சு காயைக் காத்தது. உழவனைக் காக்க அதனால் இயலவில்லை.

2009 இல் யுத்தத்தின் இறுதி நாட்களில் மக்கள் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு ஓடினர். மூட்டைகளையும் வழியிலே விட்டனர். செட்டிகுளத்து முகாம்களில் அதே விரல்கள் கூடாரத் துணியைக் கம்பத்தோடு பிணைத்தன. மீண்டு வந்தபோது பனைகள் பல பதுங்குகுழிகளுக்காக வீழ்ந்திருந்தன. இன்று நாரின் இடத்தை நைலோன் பிடித்திருக்கிறது. அது உக்காது, ஆயின் வழுக்கும். பழைய முடிச்சுக்கு இன்னுமொரு சுற்றுத் தேவைப்படுகிறது.

இந்த அறிவைப் பழம்பெருமையாக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது நம் நோக்கமன்று. பள்ளித் தோட்டத்தில் இது பாடமாக வேண்டும். முதிய உழவர்களிடம் கேட்டு எழுதப்பட வேண்டும். அத்துடன், தனி ஒருவனின் கூரை தாங்காத விளைச்சலைத் தாங்கக் கூட்டுறவுக் களஞ்சியங்கள் எழ வேண்டும். ஓரிழையை எவரும் அறுக்கலாம். இழைகள் சேர்ந்து முறுக்கேறிய பின்னரே அதற்குக் கயிறு என்று பெயர்.